முதல் வாரம் விளம்பரத்துக்கு, இரண்டாம் வாரம் படத்துக்கு

சூப்பர் ஹீரோ படங்களின் வசூல், தரம் பற்றிய வாசகர் கேள்விகள் இந்த இதழில். தொகைகள் கோடி டாலரில் உள்ளன. ஒரு கோடி டாலர் என்பது ஹாலிவுட் கணக்கில் 10 மில்லியன். 'அமெரிக்க வசூல்' என்று வருமிடத்தில் கனடாவும் சேர்த்தி, ஹாலிவுட்காரர்கள் இரண்டையும் ஒரே சந்தையாகத்தான் எண்ணுகிறார்கள்.

கேள்வி: 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' உலகம் முழுக்க 87 கோடி டாலர். 'வொண்டர் வுமன்' 82 கோடிதான். ஆனால் முன்னதைச் சறுக்கல் என்கிறார்கள், பின்னதைக் கொண்டாடுகிறார்கள். இது ஓரவஞ்சனை இல்லையா? (வாசகர், திண்டுக்கல்)

கடைசித் தொகையை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்தத் தொகை எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள்.

2016 மார்ச்சில் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 16.6 கோடி அள்ளியது. ஓட்டம் முடிந்தபோது அங்கே மொத்தம் 33 கோடி. அதாவது முதல் மூன்று நாளில் வந்தது பாதி, மீதி எல்லா நாளும் சேர்ந்து இன்னொரு பாதி. 2017-ல் வந்த 'வொண்டர் வுமன்' முதல் மூன்று நாளில் 10.3 கோடிதான். முடிவில் 41.3 கோடி. ஓப்பனிங்கை (முதல் வார இறுதி வசூலை)ப் போல நான்கு மடங்கு!

மொத்த அமெரிக்க வசூலை முதல் வார இறுதி வசூலால் வகுத்தால் வருவதைத்தான் மல்டிபிளையர் என்கிறார்கள். இந்த வகைப் படங்களுக்கு 2.5 வந்தால் சாதாரணம். 3-ஐத் தாண்டினால் மவுத் டாக் நன்றாக இருந்திருக்கிறது. 2-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ நின்றால், பார்த்தவர்கள் அடுத்தவரைப் போகச் சொல்லவில்லை. ஓப்பனிங் என்பது டிரெய்லரும் கதாபாத்திரத்தின் பேரும் முந்தைய படங்களும் சேர்த்துக் கொடுத்த முன்பணம். படம் எப்படி என்பது அதற்குள் யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு என்ன நடந்தது என்பதே தரத்துக்கு ஓரளவு சாட்சி.

இன்னொன்று, செலவு. முன்னதற்கு ஏறத்தாழ 25 கோடி டாலர் போட்டார்கள். பின்னதற்கு 15 கோடிக்குள். சுமார் 5 கோடி கூடுதல் வசூலுக்கு 10 கோடி கூடுதல் செலவு என்றால், எந்தத் தயாரிப்பாளர் சிரிப்பார்?

கேள்வி: அப்படியானால் இரண்டாவது வாரம் 65 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் படம் மோசம் என்று முடிவு கட்டிவிடலாமா? (வாசகர், சேலம்)

கட்டக் கூடாது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' 2021 டிசம்பர் 17 அன்று வந்தது. ஓப்பனிங் 26 கோடி. அடுத்த வார இறுதியில் 67 சதவீதம் சரிவு. 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' சரிந்தது 69 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே கதி. ஆனால் ஸ்பைடர்மேனுக்கு அந்த இரண்டாம் வெள்ளி கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அமெரிக்காவில் அன்று மாலை தியேட்டர்கள் காற்று வாங்கும். அதற்கடுத்த விடுமுறை நாட்களில் படம் எழுந்து நின்று, அமெரிக்காவில் மட்டும் 80 கோடியைத் தாண்டியது. மல்டிபிளையர் 3-க்கு மேல்.

பேட்மேனுக்கும் ஒரு சாக்கு உண்டு. அது வெளியானது புனித வெள்ளியன்று, ஈஸ்டர் விடுமுறைக் கூட்டம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. ஆனால் மூன்றாம் வாரம் எந்தப் பண்டிகையும் குறுக்கே இல்லை, அப்போதும் பாதிக்கு மேல் விழுந்தது. ஆகவே சந்தேகம் வந்தால் மூன்றாம் வாரத்தைப் பாருங்கள்.

மல்டிபிளையருக்கும் இதே எச்சரிக்கை. டிசம்பர் படத்தை மே மாதப் படத்தோடு ஒப்பிடாதீர்கள். 2018 டிசம்பரில் வந்த 'அக்வாமேன்' ஓப்பனிங் 6.8 கோடி, முடிவு 33.5 கோடி, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதை வைத்து 'வொண்டர் வுமனை'விட 'அக்வாமேன்' சிறந்த படம் என்று யாராவது வாதாடினால், விடுமுறைக் காலண்டரை எடுத்துக் காட்டுங்கள். வியாழன் இரவுச் சிறப்புக் காட்சிகளின் வசூலையும் வெள்ளிக்கணக்கில்தான் சேர்ப்பார்கள். அதனால் வெள்ளி எப்போதும் ஊதித் தெரியும், சனிக்கிழமை விழுந்ததுபோல இருக்கும்.

கேள்வி: 'தி ஃப்ளாஷ்' 20 கோடிக்கு எடுத்து 27 கோடி வசூலித்தது. 7 கோடி லாபம்தானே? (வாசகர், நாகர்கோவில்)

டிக்கெட் பணம் முழுக்க ஸ்டுடியோவுக்குப் போவதாக நினைப்பதால் வரும் கணக்கு இது. தியேட்டர்காரர் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சம்தான் போகும். அமெரிக்காவில் ஏறத்தாழ பாதி. மற்ற நாடுகளில் சராசரியாக 40 சதவீதம். சீனாவில் 25 சதவீதம்தான்.

'தி ஃப்ளாஷ்' அமெரிக்காவில் 10.8 கோடி, பாதி என்றால் 5.4. வெளிநாடுகளில் 16.3 கோடி, 40 சதவீதம் என்றால் 6.5. சீனாவின் குறைந்த பங்கைத் தனியாகக் கழிக்காமலே ஸ்டுடியோ கைக்கு வந்தது 12 கோடிக்குள். தயாரிப்புச் செலவு 20 கோடி. விளம்பரச் செலவு இதில் சேரவே இல்லை, இந்த அளவுப் படத்துக்கு அது தனியாகவே 10 கோடி பிடிக்கும். ஓடிடி, டிவி, பொம்மை, டி-சர்ட் என்று பின்னால் வருவதைச் சேர்த்தாலும் பள்ளம் தூராது.

அதனால்தான் தயாரிப்புச் செலவைப்போல இரண்டரை மடங்கு வசூலித்தால் தப்பித்தது என்று குத்துமதிப்பாகச் சொல்வார்கள். வசூலில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தால் இதைவிடக் குறைவே போதும், சீனாவிலிருந்து வந்தால் போதாது.

செலவுக் கணக்கிலும் கண் வையுங்கள். பத்திரிகைகளுக்குச் சொல்லும் பட்ஜெட் வேறு, நிஜம் வேறாக இருக்கும். பிரிட்டனில் படமெடுத்தால் அரசு வரிச்சலுகை உண்டு. அதற்காகத் தனி நிறுவனம் தொடங்கி, ஆண்டுக் கணக்கை அங்கே பகிரங்கமாகத் தாக்கல் செய்ய வேண்டும். 'தி மார்வெல்ஸ்' படத்துக்கு 27 கோடி டாலருக்கு மேல் செலவானது அப்படித்தான் வெளியே தெரிந்தது. படத்தின் உலக வசூல் 20.6 கோடி.

எதிர்முனையில் 2019-ன் 'ஜோக்கர்'. செலவு சுமார் 6 கோடி, வசூல் 107 கோடி. சீனாவில் வெளியாகவே இல்லை. லாப விகிதத்தில் இந்த வகையில் அதன் பக்கத்தில் நிற்க மிகச் சில படங்களே உண்டு.

கேள்வி: ராட்டன் டொமேட்டோஸில் 88 என்றால் 100-க்கு 88 மதிப்பெண்தானே? (வாசகர், காரைக்குடி)

இல்லை. அது விமர்சனங்களைத் தொகுக்கும் இணையதளம். அங்கே 88 என்றால், 100 விமர்சகர்களில் 88 பேர் 'பரவாயில்லை' அல்லது அதற்கு மேல் சொன்னார்கள் என்று அர்த்தம். நூறு பேரும் பத்துக்கு ஆறு கொடுத்தால் அந்தப் படம் 100 சதவீதம் காட்டும். எழுபது பேர் பத்துக்கு ஒன்பது கொடுத்து, முப்பது பேர் நான்கு கொடுத்தால் 70 சதவீதம்தான் காட்டும். எந்தப் படம் உங்களைக் கூடுதலாகக் கவரும் என்பதை அந்த எண் சொல்லாது. எத்தனை பேருக்குப் பிடித்தது என்று சொல்லும், எவ்வளவு பிடித்தது என்று சொல்லாது.

வசூலைக் கணிக்க சினிமாஸ்கோர் என்ற ரசிகர் கருத்துக்கணிப்பு கொஞ்சம் உதவும். 1970களின் இறுதியில் லாஸ் வேகஸில் தொடங்கியது. முதல் நாள் இரவு, தேர்ந்தெடுத்த சில ஊர்களில் தியேட்டர் வாசலில் அட்டை கொடுத்து, பார்த்தவர்களிடமே தரம் கேட்பார்கள். ஏ பிளஸ் முதல் எஃப் வரை. இதைப் படிக்க ஒரு சூட்சுமம் உண்டு. முதல் நாள் இரவு வருபவர் ஏற்கெனவே ரசிகர். அவரே 'பி' போட்டால் மற்றவர்கள் என்ன போடுவார்கள்? சூப்பர் ஹீரோ படத்துக்கு 'பி' என்பது ஃபெயில் மார்க் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' பி, 'தி ஃப்ளாஷ்' பி, 'தி மார்வெல்ஸ்' பி. 'வொண்டர் வுமன்' ஏ, 'பிளாக் பேந்தர்' ஏ பிளஸ். 2024-ன் இரண்டாவது 'ஜோக்கர்' வாங்கியது டி. அடுத்த வாரம் 81 சதவீதம் விழுந்தது.

இதுவும் வேதவாக்கு அல்ல. முதல் 'ஜோக்கர்' பி பிளஸ்தான் வாங்கியது, ஓப்பனிங்கைப்போல மூன்றரை மடங்கு ஓடியது. வன்முறையும் இருட்டும் நிறைந்த படத்துக்கு, பிடித்தவர்கள்கூட உச்ச மதிப்பெண் தரத் தயங்குவார்கள்.

கேள்வி: நல்ல படம் ஓடாமல் போவதும், மோசமான படம் ஓடுவதும் ஏன்? (வாசகர், புதுச்சேரி)

தரம் ஓட்டத்தை நீட்டும், ஓப்பனிங்கை உண்டாக்காது. 2018-ன் 'வெனம்' விமர்சகர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூடப் பிடிக்கவில்லை. 85 கோடி டாலர், அதில் சுமார் 27 கோடி சீனாவில். 2021-ன் 'தி சூசைட் ஸ்குவாட்' பத்தில் ஒன்பது விமர்சகருக்குப் பிடித்தது. 17 கோடியைத் தொடவில்லை. கொரோனா காலம், வெளியான அன்றே அமெரிக்காவில் ஓடிடியிலும் வந்தது, 2016-ல் இதே பேரில் வந்த படம் விட்டுப்போன கசப்பு வேறு. சீரிஸ் படங்களில் முந்தைய படத்தின் கடனை அடுத்த படம் அடைக்கும். 2025-ன் 'தண்டர்போல்ட்ஸ்' நல்ல பேர் வாங்கியும் 38 கோடியில் நின்றதில் அந்தக் கடனுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

கேள்வி: 20 கோடி டாலர் கொட்டியும் சி.ஜி. (கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்) ஏன் பல்லிளிக்கிறது? (வாசகர், ஈரோடு)

பணம் போதாமல் அல்ல, நேரம் போதாமல். ரிலீஸ் தேதியை முதலில் அறிவித்துவிட்டு, கிளைமாக்ஸைக் கடைசி மாதங்களில் மாற்றுவார்கள். ஒரு காட்சி மாறினால் அதில் இருக்கும் ஒவ்வொரு ஷாட்டும் அனிமேஷன், லைட்டிங், கம்போசிட்டிங் (எல்லா அடுக்கையும் ஒரே படமாகச் சேர்ப்பது) என்று முதலிலிருந்து வர வேண்டும். வேலை பல ஸ்டுடியோக்களுக்குப் பிரிந்து கிடப்பதால், அடுத்தடுத்த ஷாட்டில் ஒரே முகத்தின் தோல் நிறம்கூட ஒத்துப்போகாமல் போகும். 2023 செப்டம்பரில் மார்வெலின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள். வேலை நேரம் முக்கியக் குறைகளில் ஒன்று.

சிரிப்பு வேண்டுமென்றால் 2017-ன் 'ஜஸ்டிஸ் லீக்'. மறுபடப்பிடிப்பின்போது சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார், எடுக்க அந்தப் படத்தின் ஸ்டுடியோ விடவில்லை. கம்ப்யூட்டரில் மழித்தார்கள். மேலுதடு அசையும்போது மூக்கின் கீழ்ப்பகுதி அசையாமல் ரப்பர்போல நிற்கும். மனிதக் கண் வெடிக்கும் கட்டிடத்தில் ஆயிரம் பிழையை மன்னிக்கும், உதட்டில் ஒன்றை மன்னிக்காது.

கேள்வி: 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' முதல் நாள் இந்திய வசூல் 53 கோடி ரூபாய் என்கிறார் ஒருவர், 63 கோடி என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? (வாசகர், தஞ்சாவூர்)

இருவரும். 63 கோடி ரூபாய் கிராஸ், 53 கோடி நெட். 177 ரூபாய் டிக்கெட் என்றால் 27 ரூபாய் ஜி.எஸ்.டி., 150 நெட். அந்த 150-ல் மல்டிபிளெக்ஸ்களில் பொதுவாக முதல் வாரம் 50 சதவீதமும், இரண்டாம் வாரம் 42.5 சதவீதமும் விநியோகஸ்தர் ஷேர். தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்பின் கேளிக்கை வரி தனி. ரசிகர் சண்டைகளில் பாதி, ஒருவர் தன் படத்தின் உலக கிராஸையும் எதிராளி படத்தின் இந்திய நெட்டையும் எடுத்துவைத்துப் பேசுவதால் வருகிறது. முதலில் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

(தமிழில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் பொருந்தியதா என்றும் இதே வாசகர் கேட்கிறார். பொருந்தவில்லை. டோனி ஸ்டார்க் வேகமாகப் பேசிக் குத்துபவர், சேதுபதியின் அழகே நிதானம்.)

கேள்வி: சூப்பர் ஹீரோ படங்கள் அலுத்துவிட்டன என்பது உண்மையா? (வாசகர், திருச்சி)

2023-ஐ எடுத்துக்கொள்வோம், சோதனைக்கூடம் மாதிரி வாய்த்த வருஷம் அது. மார்வெலும் டி.சி.யும் சோனியும் சேர்ந்து எட்டுப் படங்களை இறக்கினார்கள். மல்டிபிளையரைப் பாருங்கள்: 'தி மார்வெல்ஸ்' 1.8, இரண்டாவது 'ஷசாம்' 1.9, 'தி ஃப்ளாஷ்' 2-க்குச் சற்றுக் கீழே, 'ஆண்ட்மேன்: குவாண்டமேனியா' 2. அதே வருஷம், அதே ரசிகர்கள், 'கார்டியன்ஸ்' மூன்றாம் பாகம் 3, 'ஸ்பைடர்வெர்ஸ்' இரண்டாம் பாகம் 3.2. இரண்டாவது 'அக்வாமேன்' டிசம்பர் படம், இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'ப்ளூ பீட்டில்' 2.9, ஆனால் ஓப்பனிங்கே 2.5 கோடி. வந்தவர்களுக்குப் பிடித்தது, வந்தவர்கள்தான் குறைவு.

வகையே அலுத்திருந்தால் எல்லாம் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். அலுத்தது எதுவென்றால், 'இதைப் பார்க்காவிட்டால் அடுத்தது புரியாது' என்ற கட்டாயம். அதனால் சுமாரான படத்துக்கும் கிடைத்துவந்த உத்தரவாதமான கூட்டம் போய்விட்டது. 2024-ல் 'டெட்பூல் அண்ட் வோல்வரின்' 133 கோடி எடுத்ததும் இதற்கு முரண் அல்ல. நூறு கோடியைத் தாண்டுவது இப்போது அரிதானதற்குச் சீனாவும் காரணம். 2019-ல் 'எண்ட்கேம்' அங்கே மட்டும் 60 கோடிக்கு மேல் எடுத்தது. 2021, 2022-ல் மார்வெல் படங்களுக்கு அங்கே கதவே திறக்கவில்லை, 2023-ல் திறந்தபோது பழைய கூட்டம் திரும்பவில்லை. ஆனாலும் அந்த 60 கோடியில் ஸ்டுடியோவுக்குப் போனது 15 கோடிதான் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: ஞாயிறு காட்சிகள் முடியும் முன்பே வார இறுதி வசூலை எப்படி அறிவிக்கிறார்கள்? (வாசகர், வேலூர்)

வெள்ளியும் சனியும் கிடைத்த கணக்கு, ஞாயிறு ஸ்டுடியோவின் ஊகம். உண்மைக் கணக்கு திங்கட்கிழமை வரும். 10 கோடியைத் தொட்டதா, 9.9-ல் நின்றதா என்ற பந்தயமெல்லாம் அதுவரை செல்லாது.