'டபுள் பவர்' ஆசிட் வாங்கலாமா?

கே: ஒரு டாய்லெட் கிளீனரில் 'டபுள் பவர்', இன்னொன்றில் 'எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்' என்று போட்டிருக்கிறது. எதில் வீரியம் அதிகம்?
- வாசகி, ஈரோடு

ப: பாட்டிலைத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். என்ன அமிலம், எத்தனை சதவீதம்? அது இல்லாமல் எதையும் சொல்ல முடியாது. அமிலத்தின் வலிமை (தண்ணீரில் எவ்வளவு பிரிகிறது என்பது) வேறு, செறிவு (எவ்வளவு அமிலம் கலந்திருக்கிறது என்பது) வேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் ஏறக்குறைய முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் 0.1 மோலார் (மோலார் என்பது செறிவின் அளவு) கரைசலில் நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான் பிரியும். அதனால்தான் அதே செறிவில் முன்னதன் பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறைந்தால் அமிலத்தன்மை அதிகம்) 1, பின்னதன் பி.எச். 2.9. வலிமையை ஒப்பிட பி.கே.ஏ. என்ற எண் இருக்கிறது. அது குறையக் குறைய வலிமை கூடும். அசிட்டிக் 4.76, சிட்ரிக் 3.13, ஆக்ஸாலிக் 1.25. இவை அந்தந்த அமிலத்தின் பிறவிக் குணம், எந்தக் கம்பெனியும் கூட்ட முடியாது. கம்பெனி கூட்டக்கூடியது செறிவை. அதைச் சதவீதத்தில் போட என்ன தயக்கம்? எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. சதவீதம் போடாத 'சூப்பர் ஸ்ட்ராங்' பாட்டில் ஒன்று என் வீட்டுக்கும் வந்தது. உப்புக்கறை மேல் ஊற்றினால் நுரை பொங்க வேண்டும். நாலு குமிழி வந்து அடங்கிவிட்டது.

கே: தெரு வண்டியில் வாங்கிய ஆசிட்டை மார்பிள் தரையில் ஊற்றினேன். பளபளப்பு போய்விட்டது. நஷ்டஈடு கிடைக்குமா?
- வாசகர், மதுரை

ப: லேபிளும் இல்லை, பில்லும் இல்லை. யாரிடம் கேட்பீர்கள்? மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறே அதை அரிக்கும். பாலிஷ் போடுபவரைக் கூப்பிடுங்கள்.

கே: இன்வெர்ட்டர் பேட்டரியில் 'ஆசிட் வீக்' என்று சொல்லி, மெக்கானிக் புது ஆசிட் ஊற்றிக் காசு வாங்கினார். சில மாதத்தில் பேட்டரியே போய்விட்டது.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் ஐயா, உங்கள் மேல் தப்பில்லை. சார்ஜ் இறங்கும்போது சல்ஃபூரிக் அமிலம் ஈய சல்ஃபேட்டாகத் தகடுகளில் படியும். சார்ஜ் ஏறினால் திரும்ப வரும். குறைவது தண்ணீர். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றியிருக்க வேண்டும். ஆசிட் கூடினால் தகடு அரிக்கும். பில்லை எடுத்துவைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 2 ஆண்டுக்குள் போட வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை.

கே: துரு நீக்கி லேபிளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்றிருக்கிறது. 'வலிமை குறைந்த அமிலம், கை வைக்கலாம்' என்கிறார் கடைக்காரர்.
- வாசகி, கோவை

ப: தொடாதீர்கள். பாடப்புத்தகத்தில் வலிமை குறைந்ததுதான். ஆனால் கண்ணாடியையே அரிக்கும். தோல் வழியே இறங்கி ரத்தத்தின் கால்சியத்தைப் பிடுங்கி உயிரை எடுக்கும்.

கே: ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் வீரியம் கூடுமா?
- வாசகர், சேலம்

ப: குளோரின் வாயு வரும். கலக்காதீர்கள்.