நிலக்கரி பூமிக்கடியில் அழுத்தப்பட்டால் வைரமாகுமா? கரி, பென்சில், வைரம் எல்லாம் ஒரே பொருள் என்றால் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

முதல் கேள்விக்குப் பதில்: ஆகாது. இரண்டாவது கேள்வியில் சொல்லியிருப்பது உண்மைதான், மூன்றிலும் முக்கியமாக இருப்பது கார்பன்தான். இந்த இரண்டு பதிலையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் குழப்பம் வருகிறது, என்னிடம் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளும் வருடாவருடம் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். நான் வேதியியல் ஆசிரியர், அதற்கும் முன்னால் கரிமூட்டம் போடுகிற வீட்டில் வளர்ந்தவன். அதனால் மூட்டத்திலிருந்தே சொல்கிறேன், எனக்கே அங்கேதான் புரிந்தது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் மழை பொய்த்த வருடங்களில் சோறு போட்டது சீமைக்கருவேல மரம்தான். கருவை என்றுதான் சொல்வோம். விறகை வெட்டி, இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலும் சருகும் பரப்பி, ஈரமண் பூசி மூடிவிட்டு, ஒரு வாயில் தீ வைப்பார்கள். மூட்டத்தின் அளவைப் பொறுத்து ஒரு வாரமோ பத்து நாளோ உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். என் அய்யா, அப்பாவின் அப்பா, புகையைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வார். முதலில் கெட்டியான வெள்ளைப் புகை, அது விறகின் ஈரம். அப்புறம் மஞ்சள் கலந்து கண்ணைக் கரிக்கிற புகை. கடைசியில் மெல்லிசாக நீலம் தட்டும், அப்போது ஓட்டைகளை எல்லாம் மண்ணால் அடைத்துவிட வேண்டும், தாமதித்தால் கரி போய்விடும்.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மூட்டத்தை ராத்திரி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டில் எல்லோரும் பக்கத்து ஊருக்குத் துக்கத்துக்குப் போய்விட்டார்கள். நான் தூங்கிவிட்டேன். ஒரு பக்கம் மண் வெடித்து இரவு முழுக்கக் காற்று உள்ளே போயிருக்கிறது. விடிந்து பார்த்தால் மூட்டம் அமுங்கிக் கிடக்கிறது, தோண்டினால் வெறும் சாம்பல். நாலு டன் விறகு. அதில் ஒரு டன் கரி கிடைத்திருக்க வேண்டும், கிடைத்தது சில கூடை சாம்பல். "கரி எங்க அய்யா போச்சு?" என்று அழுதுகொண்டே கேட்டேன். "காத்தோட போச்சுப்பா" என்றார், திட்டவில்லை. அவர் ஆறுதலுக்குச் சொன்னார் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். கல்லூரிக்கு வந்த பிறகுதான் அது எழுத்துக்கு எழுத்து சரியான வேதியியல் என்று தெரிந்தது.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். காற்றுப் படாமல் சூடாக்கினால் மற்றதெல்லாம் புகையாக வெளியேறி, கார்பனில் ஒரு பங்கு கரியாகத் தங்கும். காற்றுப் பட்டால் அந்தக் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். சாம்பல் என்பது மரம் மண்ணிலிருந்து எடுத்த கால்சியம், பொட்டாசியம் போன்ற உப்புகள். கரி வேறு, சாம்பல் வேறு.

வைரமும் கரியும் ஒன்று என்று மனிதர்கள் கண்டுபிடித்ததும் இதே மாதிரி எரித்துப் பார்த்துத்தான். 1772-இல் பாரிசில் லவாய்சியர் என்ற வேதியியலாளர் பெரிய லென்ஸ் வைத்து வெயிலைக் குவித்து, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வைரத்தை எரித்தார். வந்த வாயு சுண்ணாம்புத் தண்ணீரைக் கலங்கடித்தது, கரியை எரித்தால் வரும் வாயு செய்வதைப் போலவே. ஆனாலும் அவரால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. 1797-இல் ஸ்மித்சன் டென்னன்ட் என்ற ஆங்கிலேயர் தங்கக் குழாய்க்குள் வெடியுப்போடு வைரத்தைப் போட்டு எரித்து, வந்த வாயுவை அளந்தார். ஒரே எடையுள்ள கரியும் வைரமும் ஒரே அளவு வாயுவைத்தான் தந்தன. வேறு எதுவும் மிச்சமில்லை. அதாவது அந்த வைரமும் எங்கள் மூட்டம் மாதிரியே காற்றோடு போனது. இன்றைக்கும் வைரம் பதித்த நகையை நெருப்புக் காட்டி ஒட்டவைக்கும்போது கல்லின் மேல் போரிக் அமிலம் பூசிக்கொள்கிற பழக்கம் உண்டு, காற்றும் சூடும் சேர்ந்தால் கல்லின் மேற்பரப்பு எரிந்து மங்கிவிடும் என்பதால்.

சரி, ஒரே பொருள் என்றால் ஒன்று கறுப்பாகவும் மற்றது கண்ணாடி மாதிரியும் இருப்பது எப்படி? கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நான்கு திசையிலும் நான்கு அணுக்களை இறுகப் பிடித்திருக்கிறது, மேலே கீழே பக்கவாட்டில் எங்கே பார்த்தாலும் அதே பிடி, ஒரு கல் முழுக்க ஒரே பின்னல். அதனால்தான் அந்தக் கடினம். வெப்பத்தைக்கூடச் செம்பை விட ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகமாகக் கடத்தும். கிராஃபைட்டில், அதாவது பென்சிலுக்குள் இருப்பதில், ஒவ்வொரு அணுவும் மூன்று அணுக்களைத்தான் பிடிக்கிறது, கோழிக்கூட்டுக் கம்பிவலை மாதிரி அறுகோணங்களாகத் தட்டையான தாள் உருவாகிறது. நான்காவது கையில் இருக்க வேண்டிய எலக்ட்ரான் அந்தத் தாள் முழுக்க அலைந்து திரிகிறது, அதனால் கிராஃபைட் மின்சாரம் கடத்தும், வைரம் கடத்தாது. தாளுக்குள் பிடி மிக வலுவானது, தாளுக்கும் தாளுக்கும் நடுவே மிக லேசானது. நீங்கள் எழுதும்போது தாள்கள் சரிந்து காகிதத்தில் ஒட்டுகின்றன. ஒரே ஒரு தாளைத் தனியாகப் பிரித்தெடுத்தால் அதுதான் கிராஃபீன், 2004-இல் மான்செஸ்டரில் கைம், நோவோசெலோவ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சாதாரண ஒட்டுநாடாவால் உரித்து உரித்தே எடுத்தார்கள், 2010-இல் நோபல் கிடைத்தது. அறுபது அணுக்கள் சேர்ந்து கால்பந்து வடிவில் நிற்கும் ஃபுல்லரீனும் உண்டு, அது 1985-இல் தெரியவந்தது.

பென்சில் முனையைக் காரீயம் என்று நாம் சொல்வது பழைய குழப்பத்தின் மிச்சம். காரீயம் என்பது ஈயம், அது நச்சு உலோகம். கிராஃபைட்டையும் ஒருவகை ஈயம் என்றுதான் ஐரோப்பாவிலும் நினைத்திருந்தார்கள், 1779-இல் ஷீலே என்ற வேதியியலாளர் அது கார்பன் என்று காட்டும் வரை. பென்சில் முனை குத்தினால் விஷம் என்று குழந்தைகளைப் பயமுறுத்த வேண்டாம், அது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. சிவகங்கைப் பக்கம் தமிழ்நாடு கனிம நிறுவனம் தோண்டி எடுப்பது இதே கிராஃபைட்டைத்தான். உலோகம் உருக்கும் மூசைகளுக்கு அது போகும். உங்கள் கைபேசி பாட்டரியின் எதிர்மின்முனையிலும் பெரும்பாலும் கிராஃபைட்தான் இருக்கிறது, லித்தியம் அந்தத் தாள்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வெளியே வருகிறது.

இப்போது நிலக்கரிக்கு வருகிறேன். நிலக்கரி செடிகொடிகள் புதைந்து உருவானது. நிலத்தில் செடிகள் தோன்றியே நாற்பத்தைந்து கோடி வருடம்போலத்தான் ஆகிறது. நம் கைக்கு வரும் வைரங்களில் பெரும்பாலானவை நூறு கோடியிலிருந்து முந்நூற்றைம்பது கோடி வருடம் பழையவை. வைரம் உருவானபோது நிலக்கரியாக மாற ஒரு புல்கூட இல்லை. ஆழமும் ஒத்துவராது: நிலக்கரி அதிகம் போனால் சில கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, வைரம் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கிற மூடகம் என்ற அடுக்கில், அங்கிருந்த திரவங்களில் கரைந்திருந்த கார்பனிலிருந்து வளர்ந்தது. பிறகு எப்போதோ வெடித்துக் கிளம்பிய கிம்பர்லைட் என்ற எரிமலைக் குழம்பு அதை மேலே இழுத்து வந்தது. நிலக்கரி இந்தக் கதையிலேயே இல்லை. பள்ளிப் புத்தகங்களின் ஓரத்தில் "அழுத்தம் தாங்கிய கரிதான் வைரம்" என்று எழுதும் வழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, பிள்ளைகள் அதை அப்படியே நம்பிக்கொண்டு தேர்வு எழுத வருகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. மரக்கரியை எவ்வளவு சூடாக்கினாலும் அது கிராஃபைட்டாகக்கூட மாறாது. டி.என்.ஏ. படத்துக்காக நாம் அறிந்திருக்கும் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், அதற்கு முன்னால் நிலக்கரியிலும் கரியிலும்தான் வேலை செய்தார். சில கார்பன்களைச் சூடாக்கினால் அணுத்தாள்கள் ஒழுங்காகி கிராஃபைட் ஆகும், சில கார்பன்கள் மூவாயிரம் டிகிரி போனாலும் ஆகாது என்று 1951-இல் பிரித்துக் காட்டினார். ஆகாத வகையில், கசங்கிய சின்னச் சின்னத் தாள்கள் தாறுமாறாகக் கோத்துக்கொண்டு, நடுவே பொந்துகளாக இருக்கும், அந்தக் கோவை அவிழாது. மரக்கரியும் கொட்டாங்குச்சிக் கரியும் இந்தச் சாதி.

அந்தப் பொந்துகளால் நமக்கு நல்லதுதான். கொட்டாங்குச்சிக் கரியை 800, 900 டிகிரியில் நீராவி விட்டுச் சுட்டால் பொந்துகள் இன்னும் திறந்துகொள்ளும், ஒரே ஒரு கிராம் கரிக்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு, கால் ஏக்கர் நிலம் என்று வையுங்கள். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பானில் இருப்பது இந்தக் கரி, குளோரின் வாடையை அதுதான் போக்குகிறது. விஷம் குடித்தவருக்கு மருத்துவமனையில் கொடுப்பதும் இதுதான், ஆனால் எல்லா விஷத்துக்கும் கேட்காது: சாராயம், அமிலம், இரும்பு மாத்திரை இவற்றை அது பிடிக்காது, அடுப்புக்கரியைப் பொடித்து வீட்டில் கொடுப்பதெல்லாம் கூடவே கூடாது.

கூட்டுப்பொருள்களைப் பற்றிக் கேட்டால் மறுபடி அந்த மஞ்சள் புகைக்குத்தான் போக வேண்டும். கண்ணைக் கரித்ததில் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் உண்டு, மெத்தனால் உண்டு, தார் உண்டு, இன்னும் நூற்றுக்கணக்கில் உண்டு. தொழிற்சாலையில் செயற்கையாக மெத்தனால் செய்யக் கற்றுக்கொள்வதற்கு முன்பு மரத்தை வாட்டித்தான் அதை எடுத்தார்கள். கார்பன் தன்னோடு தானே சங்கிலியாகவும் வளையமாகவும் சேர்ந்துகொள்ளும் என்பதால் ஒரே விறகிலிருந்து இத்தனை பிறக்கிறது. அந்தப் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். மூட்டத்துக்குக் காற்று வீசும் பக்கம் படுக்கக் கூடாது என்று அய்யா கண்டிப்பாகச் சொல்வார். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது உயிரை எடுக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கரிக்கு இருக்கும் இன்னொரு குணம், அது மக்காது. கீழடியில் 2018-இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் கி.மு. 580 என்ற காலத்தைக் கணித்தார்கள். காற்றில் இருக்கும் கார்பனில் லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்றுபோல் கார்பன்-14, அதாவது தானாகச் சிதைந்துபோகும் ஒருவகைக் கார்பன், இருக்கிறது. மரம் உயிரோடு இருக்கும்வரை அதை எடுத்துக்கொண்டே இருக்கும், வெட்டுப்பட்ட நாளிலிருந்து அது குறைய ஆரம்பிக்கும், 5,730 வருடத்தில் பாதி. அந்தக் கீழடிக் கரியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மீதி இருந்திருக்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை இதே முறையில் சோதித்தால் கார்பன்-14 கிடைக்காது, அது எப்போதோ தீர்ந்துபோன பழங்கார்பன். கருவையை எரித்தால் அந்த மரம் சில வருடங்களுக்கு முன் காற்றிலிருந்து எடுத்தது திரும்பக் காற்றுக்குப் போகிறது, மறுபடி மரம் வளர்ந்தால் கணக்கு நேராகும். நிலக்கரியை எரித்தால் கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் இருந்தது புதிதாகக் காற்றில் வந்து சேர்கிறது. ஹவாயில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

வைரத்தைச் செயற்கையாகச் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும். 1954-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் பெரும் அழுத்தம் கொடுத்துச் செய்தார்கள், அங்கும் அழுத்தம் மட்டும் போதவில்லை, கார்பனைக் கரைக்க உருகிய உலோகம் தேவைப்பட்டது. இன்று சூரத்தில் வளர்க்கும் வைரங்களில் பலவற்றுக்கு மூலப்பொருள் மீத்தேன், சாண எரிவாயுவில் இருக்கிறதே, அதே மீத்தேன்தான். அதிலிருந்து கார்பன் அணு அணுவாக ஒரு மெல்லிய வைரத் தகட்டின் மேல் இறங்கி வளர்கிறது.

கடைசியாக, வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று. 6பி பென்சிலால் காகிதத்தில் பட்டையாக, நன்றாக அழுத்தித் தீட்டுங்கள், 9 வோல்ட் பாட்டரியையும் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கையும் அந்தப் பட்டை வழியாக இணைத்தால் விளக்கு எரியும். அப்புறம் கரித்துண்டை வைத்துப் பாருங்கள். அய்யா கரியின் தரம் பார்க்க இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுவார், நன்றாக வெந்தது கணீரென்று சத்தம் தரும், வேகாதது மொத்தென்று கேட்கும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மல்ட்டிமீட்டரைக் கொண்டுபோய் ஒரு கூடைக் கரியை அப்படித் தட்டித் தட்டிப் பிரித்து அளந்தேன். மொத்தென்றதில் ஒன்றுகூடக் கடத்தவில்லை. கணீரென்றதில், தீ வாய்க்குப் பக்கத்தில் நன்றாகச் சூடேறி வெந்த துண்டுகள் கடத்தின.