எதிர்க்கடை முதலாளி

ஐயா,
வெள்ளவத்தையில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறேன். எதிரே என் மைத்துனர் முறையான ஒருவரும் அதே வியாபாரத்தைத் தொடங்கியிருக்கிறார். அமெரிக்க எண்ணெய் முதலாளி ரொக்பெல்லரைப் போல ஈவிரக்கமற்ற போட்டி மனப்பான்மை வேண்டுமெனப் பயிற்சி வகுப்பொன்றில் சொன்னார்கள். அதிகாலை நான்கு மணிக்கே எழுகிறேன். ஆனால் மைத்துனரின் முகத்தைக் கண்டதும் மனம் இளகிவிடுகிறது. இது பலவீனமா?

அன்புள்ள தம்பி,

நான்கு மணிக்கு எழுவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. புறக்கோட்டையில் மூடை சுமக்கும் நாட்டாமைமார் அதற்கு முன்பே எழுந்துவிடுகிறார்கள். மைத்துனர் விடயத்தை உங்கள் தாயாரிடம் கேளுங்கள். எனக்குப் பொறுக்காதது 'போட்டி மனப்பான்மை' என்ற அந்தச் சொல்தான்.

ரொக்பெல்லர் போட்டியை வெறுத்தவர். 1855இல், பதினாறு வயதில், கிளீவ்லாந்தில் உதவிக் கணக்குப்பிள்ளையாக வேலைக்குச் சேர்ந்தவர். பின்னாளில் மண்ணெண்ணெய்த் தகரத்தை ஒட்ட 40 சொட்டு ஈயம் எதற்கென்று கேட்டு, 38 சொட்டில் சில தகரங்கள் ஒழுகியதால் 39இல் நிறுத்தியவர். வகுப்பில் இதைச் சொல்லியிருப்பார்கள். 1872ஐச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் சேர்ந்திருந்த கூட்டு, புகையிரதக் கம்பனிகளோடு இரகசியமாகச் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தமது பீப்பாய்களுக்குக் கட்டணக் கழிவு கிடைப்பதோடு, போட்டியாளர்கள் தமது பீப்பாய்களுக்குச் செலுத்தும் கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கு அக்கூட்டுக்கே வந்து சேரும். எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் கொதித்தெழுந்ததால் அது நடைமுறைக்கு வருமுன்பே இரத்தாயிற்று. ஆனால் அதற்குள் கிளீவ்லாந்தின் 26 சுத்திகரிப்பாளர்களில் 22 பேர் ஆலைகளை அவரிடம் விற்றுவிட்டார்கள். விற்கத் தயங்கியவர்களுக்குத் தமது கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுவார். குரலை உயர்த்த வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை.

இந்த மனிதரை நான் சிறுவயதிலேயே கண்டிருக்கிறேன். என் தகப்பனார் நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு வெங்காய மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். எதிர்க்கடை முதலாளி, எங்கள் முதலாளியின் மூடைகளை ஏற்றிவரும் லொறிக்காரர்களுக்கு மூடைக்கு இவ்வளவு என்று கொடுத்து, அவற்றைப் பிந்தி வரச் செய்தார். வெங்காயம் அழுகியது, கடன் ஏறியது. பின்னர் அதே மனிதர் வெள்ளை வேட்டியோடு வந்து, நியாயமான விலை சொல்லிக் கடையை வாங்கினார். கடைசி ஐந்தொகையை எழுதிய என் தகப்பனாரின் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அவர் எனக்குச் சட்டைத்துணி அனுப்புவார். அப்பா அதைத் தைக்கக் கொடுப்பார். ஆனால் நான் அதை அணிந்து நிற்கும்போது என் முகத்தை மட்டுமே பார்ப்பார்.

இப்படிப்பட்ட ஒருவராக மாறுவதற்கா நீங்கள் காசு கட்டிப் படிக்கிறீர்கள்? வெட்கமாக இல்லையா? அந்த முதலாளிக்கும் ரொக்பெல்லருக்கும் தமது கடையின் ஒவ்வொரு சதமும் எங்கே போகிறதென்று தெரிந்திருந்தது. உங்கள் கடிதத்தில் மைத்துனரின் முகம் இருக்கிறது, நான்கு மணி இருக்கிறது. போன மாதம் கடையில் எவ்வளவு மிஞ்சியது என்பது மட்டும் இல்லை. அதை எழுதி அனுப்புங்கள்.