சின்ன மேசை, சின்ன பட்ஜெட்: கேமிங் மானிட்டர் கேள்வி பதில்

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். மானிட்டர் பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காசைவிட இடத்தைப் பற்றித்தான் இருந்தன. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேப்பை எடுத்து மேசையின் ஆழத்தை, அதாவது சுவர் ஓரத்திலிருந்து நீங்கள் உட்காரும் விளிம்பு வரை, அளந்துவிட்டு மேலே படியுங்கள். எத்தனை இஞ்ச் வாங்கலாம் என்பதை அந்த ஒரு அளவுதான் முடிவு செய்கிறது.

பீளமேடு, கல்லூரி மாணவர்: ண்ணா, மூணு பேர் தங்கியிருக்கிற ரூம். என் டேபிள் 3 அடிக்கு ஒன்றரை அடி. வேலரன்ட், சிஎஸ் 2 ஆடுவேன், கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650. 10,000 ரூபாய் பக்கத்துல 27 இஞ்ச் மானிட்டர் ஒண்ணு பார்த்தேன். வாங்கிடட்டுங்களா?

வேண்டாம் தம்பி, 24 இஞ்ச் வாங்குங்கள். ஒன்றரை அடி என்றால் 45 செ.மீ. மானிட்டர் ஸ்டாண்டு சுமார் 20 செ.மீ. எடுத்துக்கொள்ளும், கீபோர்டு 13, 14 எடுக்கும். மிச்சம் பத்து செ.மீ. சொச்சம். நிமிர்ந்து உட்கார்ந்தாலும் உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் அரை மீட்டருக்கு மேல் இருக்காது. 27 இஞ்ச் திரை கிட்டத்தட்ட 60 செ.மீ. அகலம். வேலரன்டில் மினிமேப் இடது மேல் மூலையில் இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் அந்த மூலைக்குக் கண்ணைக் கொண்டுபோய்த் திருப்புவதற்குள் எதிரி சுட்டுவிடுவான். 24 இஞ்ச் திரை 53 செ.மீ. அகலம்தான், முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

இன்னொரு சங்கதி. அந்த விலைக்கு வரும் 27 இஞ்ச் பெரும்பாலும் ஃபுல் எச்டி, 1920க்கு 1080. அதே 20.7 லட்சம் பிக்சலைப் பெரிய பரப்பில் இழுத்து விரிக்கிறார்கள். 24 இஞ்சில் ஓர் இஞ்சுக்கு 92 பிக்சல் என்றால் 27இல் 82க்கு இறங்கிவிடும். கிட்ட உட்கார்ந்தால் எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாகத் தெரியும்.

அதே காசை வேகத்தில் போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை படத்தை மாற்றுகிறது, 144 ஹெர்ட்ஸ் திரை 6.9க்கு ஒரு முறை. உங்கள் 1650 கார்டு வேலரன்டில் நொடிக்கு 144 படத்தைத் தாராளமாகத் தாண்டும். சிஎஸ் 2வில் செட்டிங்கைக் குறைத்தாலும் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் படம் குறுக்கே கிழிந்த மாதிரி தெரியாமல் பார்த்துக்கொள்வது ஃப்ரீசிங்க். பேர் ஏஎம்டி வைத்தது என்றாலும் உங்கள் என்விடியா கார்டிலும் வேலை செய்யும். 2019 ஜனவரியில் என்விடியா அதற்கு வழி திறந்துவிட்டது, 10 வரிசைக் கார்டிலிருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தும். டிஸ்பிளே போர்ட் கேபிளில் மாட்டுங்கள், அது முக்கியம்.

திருப்பூர், பனியன் கம்பெனி ஊழியர்: பவர் டேபிள்ல இருந்து தையல் மெஷினைக் கழட்டிட்டு அந்தப் பலகையையே மேசையா வெச்சிருக்கேனுங்க. நீளம் 4 அடி இருக்கும், அகலம் 2 அடிக்கும் குறைச்சல். மெஷின் இருந்த எடத்துல ஓட்டை. ஸ்டாண்டு கால் சரியா உட்காரல. மானிட்டர் ஆர்ம் போடலாங்களா?

போடலாம். திரையைத் தாங்கும் மடக்குக் கையை மேசை விளிம்பில் மாட்டுவதுதான் ஆர்ம். உங்களுடையது நல்ல மேசைதான். மெஷின் ஓடும்போது ஆடாமல் நிற்பதற்காகச் செய்த இரும்புக் கால், கேமுக்கு அதைவிட என்ன வேண்டும்? முதலில் ஓட்டைக்கு மேல் ஒரு பிளைவுட் துண்டை அடித்து மூடிவிடுங்கள். மவுஸ் அதன் மேல்தான் ஓடப்போகிறது, மேடு பள்ளம் இருக்கக் கூடாது.

மேசையைத் தின்பது திரை அல்ல, அதன் கால்தான். கேமிங் மானிட்டர் பலவற்றில் கால் 'வி' வடிவத்தில் விரிந்து முன்னால் நீட்டிக்கொண்டு வரும். கீபோர்டைச் சாய்த்து வைத்து ஆடுகிறவர்களுக்கு அந்தக் கால் நுனியில் இடித்துக்கொண்டே இருக்கும். ஆர்ம் போட்டால் திரைக்குக் கீழே முழு இடமும் காலி. மவுஸ் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துவிட்டு முழங்கையிலிருந்து கையை வீசி ஆடுகிறவர்களுக்கு இந்த இடம்தான் பெரிய லாபம்.

வாங்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள். மானிட்டரின் முதுகில் ஆர்மைத் திருகி மாட்டும் வெசா துளை இருக்க வேண்டும், 75க்கு 75 அல்லது 100க்கு 100 மில்லிமீட்டர். விலை குறைந்த மாடல் சிலவற்றில் துளையே இருக்காது, முதுகுப்பக்கப் படத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அடுத்தது எடை. ஸ்டாண்டு இல்லாத 24 இஞ்ச் மானிட்டர் சுமார் 3 கிலோ வரும். கேஸ் ஸ்பிரிங் ஆர்முக்கு அதிகபட்ச எடை இருப்பதுபோலக் குறைந்தபட்ச எடையும் உண்டு. அதற்கும் கீழே போனால் திரை தானாக மேலே தூக்கிக்கொள்ளும், அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தியும் நிற்காது. மூன்றாவது, உங்கள் பலகையின் விளிம்புக்கு அடியில் இரும்புச் சட்டம் ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். கிளாம்ப் பிடிக்கத் தட்டையான இடம் வேண்டும். பலகை உளுத்துப்போயிருந்தால் மேலும் கீழும் ஒரு தகடு வைத்து இறுக்குங்கள்.

நான்காவதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மேசை சுவரோடு ஒட்டியிருந்தால், ஆர்மை மடக்கும்போது அதன் முழங்கை பின்னால் போய்ச் சுவரில் முட்டும். மேசையை நாலைந்து இஞ்ச் முன்னால் இழுக்க வேண்டிவரும், மிச்சம் பிடித்த இடம் அங்கேயே போய்விடும். கிளாம்பை நடுவில் மாட்டாமல் ஒரு ஓரமாக மாட்டினால் முழங்கை பக்கவாட்டில் மடங்கும். சொந்த வீடாக இருந்தால் சுவரிலேயே ஒரு பிராக்கெட் அடித்துவிடுங்கள், செலவும் குறைவு.

திருச்செங்கோடு: எல்லா டப்பாவிலயும் 1 எம்எஸ்னு போட்டிருக்குது. நெசமா?

எம்எஸ் என்றால் மில்லிசெகண்டு. பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஜிடிஜி என்று இருந்தால் ஒரு பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம், அதுவும் மிகச் சாதகமான சூழ்நிலையில் அளந்தது. எம்பிஆர்டி என்று இருந்தால் பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுப் பெறும் எண், அதை ஆன் செய்தால் வெளிச்சம் குறையும். அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் திரைத் தகடு, அதாவது பேனல், எந்த வகை என்று கேளுங்கள். ஐபிஎஸ் நிறமும் கோணமும் நன்றாக இருக்கும். விஏவில் கறுப்பு ஆழமாக வரும், கான்ட்ராஸ்ட் ஐபிஎஸ்ஸைப் போல மூன்று மடங்கு. ஆனால் விலை குறைந்த விஏவில் இருட்டான காட்சி வேகமாக நகர்ந்தால் பின்னால் கறுப்பாக இழுத்துக்கொண்டு வரும். துப்பாக்கிச் சண்டைக்கு ஐபிஎஸ், இருட்டு அறையில் நிதானமாகக் கதை கேம் ஆட விஏ. டிஎன் பேனலை இந்தக் காலத்தில் நான் யாருக்கும் சொல்வதில்லை.

பல்லடம்: வீட்டை ஒட்டித் தறிக்குடோன். பஞ்சு பறக்கும், தறி ஓடறப்போ தரையே அதிரும், வோல்டேஜும் ஏறி எறங்கும். மானிட்டர் தாங்குங்களா?

வோல்டேஜைப் பற்றி மானிட்டருக்காகப் பயப்பட வேண்டாம். இப்போது வரும் மானிட்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும். திடீரென்று கரண்ட் போய் வருவதுதான் கெடுதல், அதுவும் சிபியுவுக்கு. ஒரு யுபிஎஸ் போடுங்கள். 24 இஞ்ச் மானிட்டர் சுமார் 25 வாட்தான் இழுக்கும், அதற்காகப் பெரிய யுபிஎஸ் தேவைப்படாது.

அதிர்வுக்கு ஆர்ம் வேண்டாம். நீட்டிய கை நுனியில் திரை தொங்கும்போது தரையின் ஆட்டம் அங்கே இன்னும் பெரிதாகத் தெரியும். அகலமான சதுரத் தட்டுக் கால் உள்ள ஸ்டாண்டுதான் உங்களுக்குச் சரி. பஞ்சுக்கு, ஆடி முடித்துத் திரை ஆறியதும் மேலே ஒரு பருத்தித் துணி போட்டு மூடுங்கள். துடைக்க மைக்ரோஃபைபர் துணி, தேவைப்பட்டால் துணியில் மட்டும் துளி தண்ணீர். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயைத் திரைமேல் அடிக்காதீர்கள், அது கண்ணாடி அல்ல. மேட் பூச்சு போய்விடும், வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கினால் பேனலே போய்விடும்.

கோபி, ஓர் அம்மா: பையன் காலேஜ் போறானுங்க. வேகமான மானிட்டர்னா கண்ணு கெட்டுருமோன்னு பயமா இருக்குது. 32 இஞ்ச் டிவியவே மேசைமேல வெச்சுக்கோன்னு அவங்க அப்பா சொல்றாருங்க.

ஹெர்ட்ஸ் கூடினால் கண்ணுக்குக் கெடுதல் இல்லைங்க அக்கா. நகரும் படம் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். திரையையே உற்றுப் பார்க்கும்போது கண் இமைப்பது குறைந்துபோகிறது, எரிச்சலும் வறட்சியும் அதனால்தான். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு நேராகவோ கொஞ்சம் கீழேயோ இருக்கட்டும். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு ஆட விடாதீர்கள்.

டிவி மேசைமேல் வேண்டாம். விலை குறைந்த 32 இஞ்ச் டிவிகளில் பல 1366க்கு 768 பிக்சல்தான், 60 ஹெர்ட்ஸ்தான். அகலம் 70 செ.மீ.க்கு மேல், கிட்ட உட்கார்ந்து பாடம் படித்தால் எழுத்து மங்கலாகத் தெரியும். படத்தை அழகுபடுத்திக் காட்டுவதற்காக டிவி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மவுஸ் அசைவும் தாமதமாக வரும். அந்தப் பிள்ளை அதே திரையில்தான் படிக்கவும் போகிறான். 24 இஞ்ச் ஐபிஎஸ் மானிட்டரே வாங்கிக் கொடுங்கள்.

ஈரோடு: 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி ஒரு மாசம் ஆச்சு. பழசுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலைங்க.

அனேகமாக இன்னும் 60இலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே வரை போய் 165ஐத் தேர்ந்தெடுங்கள். அந்த எண் பட்டியலிலேயே இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள். பல மானிட்டர்களில் எச்டிஎம்ஐ போர்ட் முழு வேகம் தராது, டிஸ்பிளே போர்ட்தான் தரும். அப்புறம் சிபியுவின் பின்பக்கம் போங்கள். கேபிளை மேலே மதர்போர்டில் செருகியிருந்தால் கிராபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கீழே குறுக்குவாட்டில் இருக்கும் கார்டின் போர்ட்டுக்கு மாற்றுங்கள். இன்றைக்கே புது மானிட்டர் வாங்கின மாதிரி இருக்கும்.

தாராபுரம்: வளைஞ்ச மானிட்டர் நல்லதுங்களா?

24 இஞ்சில் வளைவு வீண். 1500ஆர் என்றால் ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. அவ்வளவு சின்னத் துண்டில் வளைவால் பயன் இல்லை. 34 இஞ்ச் அகலத் திரைக்கு யோசிக்கலாம், சின்ன மேசைக்கு அது வராது.

பொள்ளாச்சி: ஆபீஸ்ல கழிச்ச பழைய மானிட்டர் சல்லிசா வருதுங்க. வாங்கலாமா? ஜிடிஏ 5, ஃபுட்பால், இவ்வளவுதான் ஆடுவேன்.

வாங்கலாம், நல்ல யோசனை. அந்த கேமுக்கு 60 ஹெர்ட்ஸ் போதும். ஆபீஸ் மானிட்டர்களின் பெரிய நன்மை ஸ்டாண்டுதான், ஏற்றலாம், இறக்கலாம், செங்குத்தாகத் திருப்பலாம். புதிதாக வரும் விலை குறைந்த கேமிங் மானிட்டர் பலவற்றில் சாய்க்க மட்டும்தான் முடியும். கடையில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படத்தை போனில் எடுத்துப்போய்த் திரை முழுக்கப் போட்டுப் பாருங்கள். செத்த பிக்சலும் ஓர வெளிச்சக் கசிவும் அதில் தெரிந்துவிடும். வெள்ளை மஞ்சளடித்திருந்தால் பின்விளக்கு களைத்துவிட்டது, விட்டுவிடுங்கள். எச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளே போர்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். விஜிஏ மட்டும் இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம், கன்வெர்ட்டர் தேடி அலைய வேண்டிவரும்.

கரூர்: ஆர்எக்ஸ் 6600 கார்டு, மேசை ஆழம் இரண்டரை அடி. 27 இஞ்ச் 1440 போகலாமா?

உங்கள் மேசைக்கு 27 பொருந்தும். 1440 என்றால் 2560க்கு 1440 பிக்சல். அதில் ஓர் இஞ்சுக்கு 109 பிக்சல், எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். ஆனால் கார்டு 36.9 லட்சம் பிக்சல் வரைய வேண்டும், ஃபுல் எச்டியைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு. ஆர்எக்ஸ் 6600 ஃபுல் எச்டிக்கென்று வந்த கார்டு. புதுப் பெரிய கேமில் செட்டிங்கைக் குறைக்கச் சம்மதமென்றால் வாங்குங்கள். கார்டைவிட மானிட்டர் நீண்ட நாள் உழைக்கும், அடுத்த கார்டு வரும்போதும் இது கூடவே இருக்கும்.

நாமக்கல்: பிஎஸ் 5ம் பிசியும் ஒரே மானிட்டர்ல. என்ன பாக்கோணும்?

இரண்டு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்பிளே போர்ட் இருக்கட்டும், கேபிளைப் பிடுங்கி மாட்டும் வேலை மிச்சம். பிஎஸ் 5 அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் காசு போடுவது பிசிக்காக மட்டும்தான். 2022 செப்டம்பர் முதல் 1440பியும் தருகிறது. படம் கிழியாமல் இருக்க கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் விஆர்ஆர் வேண்டுமென்றால் மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1இன் விஆர்ஆர் இருக்க வேண்டும். வெறும் ஃப்ரீசிங்க் மட்டும் போட்டிருந்தால் பிஎஸ் 5 அதைக் கண்டுகொள்ளாது.

மேட்டுப்பாளையம்: ஆன்லைன்ல வாங்கறதா, காந்திபுரம் போய்க் கடையில வாங்கறதா?

500, 600 ரூபாய் வித்தியாசம் என்றால் கடை. கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லலாம், செத்த பிக்சல் இருந்தால் அங்கேயே மாற்றலாம். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு பிக்சலுக்காக மாற்றித் தர எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொள்ளாது, எத்தனை இருந்தால் மாற்றுவார்கள் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஆன்லைனில் வாங்குங்கள், ஆனால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முதலில் ஆன் செய்வது வரை விடாமல் வீடியோ எடுத்துவிடுங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் வேண்டும், மானிட்டருக்கு 18 சதவீதம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாரண்டிக்குப் போய் நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் கொண்டுவருவதானால் பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள், சர்வீஸுக்கு அனுப்ப வேண்டிவந்தால் அதில்தான் வைத்து அனுப்ப வேண்டும்.