அட்ரஸ் பாரில் ஒட்டும்போது 'ஜாவாஸ்கிரிப்ட்:' மட்டும் ஏன் மறைகிறது?

கேள்வி: குரோம் அட்ரஸ் பாரில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வரியை ஒட்டினால், முதலில் இருக்கும் 'ஜாவாஸ்கிரிப்ட்:' மறைந்துவிடுகிறது. கையால் தட்டினால் ஓடுகிறது. என் கணினியில் கோளாறா?

கோளாறு இல்லை. குரோம் தெரிந்தேதான் அதை வெட்டுகிறது.

முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதை வைத்துத்தான் பிரவுசர் என்ன செய்வதென்று முடிவெடுக்கும். 'எச்டிடிபிஎஸ்' இருந்தால் சர்வரைத் தேடிப் போகும். 'ஜாவாஸ்கிரிப்ட்' இருந்தால் எங்கேயும் போகாது. மீதியை நிரலாக எடுத்து, அப்போது திறந்திருக்கும் பக்கத்துக்குள்ளேயே ஓட்டும். அந்தத் தளமே எழுதிய நிரலுக்கு என்னென்ன உரிமை உண்டோ, அத்தனையும் இதற்கும் கிடைக்கும்.

ஓடி முடித்ததும் விடையைப் பார்க்கும். விடை எழுத்துச் சரமாக (எழுத்துகளால் ஆன உரையாக) இருந்தால், பக்கத்தை அழித்துவிட்டு அதையே காட்டும். பக்கத்தைத் திருத்தும்படி மாற்றும் 'கன்டென்ட்-எடிட்டபிள்' வரியைப் போட்டு, கடைசியில், 'விடை எதுவும் வேண்டாம்' என்று சொல்லும் 'வாய்டு' என்ற கட்டளையைச் சேர்க்க மறந்து பாருங்கள்: பக்கம் போய், வெள்ளைத் திரையில் 'ட்ரூ' என்ற ஒரு சொல் மட்டும் நிற்கும். பழைய வரிகளின் வாலில் 'வாய்டு' ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

வெட்டுவதற்கான காரணம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. 2010 வாக்கில், 'உன் ப்ரொஃபைலை யார் யார் பார்த்தார்கள் என்று தெரியும்' என்று வந்த ஒரு வரியை என் தம்பி காப்பி செய்து ஒட்டினான். சித்தப்பா போன் போட்டு, "என்னடா இது, எனக்கு என்னத்தையோ அனுப்பியிருக்கே?" என்று கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. அவன் பெயரில் நண்பர்கள் எல்லாருக்கும் அதே வரி போயிருந்தது. பாஸ்வேர்டு திருடு போகவில்லை, அதற்குத் தேவையே இல்லை. அவன்தான் லாகின் செய்து உட்கார்ந்திருந்தானே! பாவம், ஒரு வாரம் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்படி ஏமாந்தவர்கள் ஏராளம். ஃபயர்பாக்ஸ் 2011-இல் வந்த 6-ஆம் பதிப்பிலேயே, அட்ரஸ் பாரில் தட்டும் நிரலுக்குப் பக்கத்தின் உரிமையைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. குரோம் ஒட்டுவதை மட்டும் தடுக்கிறது. ஏமாறுபவர்கள் பெரும்பாலும் காப்பி செய்து ஒட்டுபவர்கள்தான் என்பதால் எனக்கு இது சரியாகவே படுகிறது.

நீங்களே எழுதிய வரி என்றால் புக்மார்க்காகச் சேமியுங்கள். புதிய புக்மார்க்கில் முகவரிக்கான இடத்தில் முழு வரியையும் ஒட்டலாம், அங்கே வெட்டாது. சில தளங்களின் பாதுகாப்புக் கொள்கை இதையும் தடுக்கலாம். அப்போது எஃப்12 அழுத்தி, கன்சோலில், அதாவது நிரலை நேரடியாகத் தட்டி ஓட்டும் இடத்தில், ஓட்டிப் பாருங்கள். அங்கே 'ஜாவாஸ்கிரிப்ட்:' போடத் தேவையில்லை.