பங்கு வீட்டில் குடியேற எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டுமா?

கேள்வி: எனக்குச் சென்னையில் வேலை. கொரோனா வந்ததிலிருந்து வீட்டிலிருந்தபடியே பார்க்கிறேன். அப்பச்சிக்கும் (அப்பா) ஆத்தாவுக்கும் (அம்மா) எழுபதுக்கு மேல் வயதாகிறது. செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் சின்ன வாடகை வீட்டில் துணையில்லாமல் இருக்கிறார்கள். அடுத்த தெருவில் ஐயா (அப்பச்சியின் அப்பா) கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அதில் ஆறு பங்கு. எங்கள் பங்கு அறைகளைத் திறந்து, பெற்றோரையும் அழைத்துக்கொண்டு குடியேற நினைக்கிறோம். மலேசியாவில் இருக்கும் பெரியப்பச்சி (பெரியப்பா) மகன், எல்லாரும் கையெழுத்துப் போடாமல் யாரும் குடிவரக் கூடாது என்கிறார். ஒரு தரகர், எல்லாரிடமும் விடுதலைப் பத்திரம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறார். ஆத்தாவுக்கு அறைக்குப் பக்கத்திலேயே குளியலறை கட்ட வேண்டும். என்ன செய்வது?

பதில்: குடியேற எவர் கையெழுத்தும் வேண்டாம். தரகருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

பாகம் பிரியாத வீட்டில் ஒவ்வொரு பங்குதாரருக்கும் குடியிருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை பங்கோடு வருவது, மற்றவர்கள் பார்த்துக் கொடுப்பதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் இது இன்னும் தெளிவாகவே இருக்கிறது. நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளில் எது எந்தப் புள்ளிக்கு (தனிக் குடும்பத்துக்கு) என்று அந்தக் காலத்திலேயே பேசி முடித்து, பூட்டும் சாவியும் தனித்தனியாக இருந்து வரும். எழுத்தில் இல்லாவிட்டாலும், நெடுங்காலம் எல்லாரும் ஏற்று நடந்த குடும்ப ஏற்பாட்டை நீதிமன்றம் மதிக்கும். முகப்பு, வளவு, கிணறு, பின்கட்டு எல்லாருக்கும் பொது. அவற்றைப் புழங்கலாம், மறிக்கக் கூடாது.

ஒன்றைக் கவனியுங்கள். பங்கு உங்களுடையதில்லை, அப்பச்சியுடையது. ஐயா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு என்றால், அப்பச்சி இருக்கும்வரை உங்களுக்கு அதில் தனிப் பங்கு கிடையாது. அவருடைய மகனாக, அவர் சொல்லி, அவரோடு குடியிருக்கிறீர்கள். அதனால் போகிற கடிதம், கட்டுகிற ரசீது எல்லாம் அவர் பெயரில் இருக்கட்டும்.

மலேசியாக்காரர் ஏன் தடுக்கிறார்? பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு உங்களுக்கே ஆகிவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள். ஒரு பங்குதாரர் குடியிருப்பதை எல்லாப் பங்குதாரர்களுக்காகவும் குடியிருப்பதாகத்தான் சட்டம் பார்க்கிறது. மற்றவர் பங்கை வெளிப்படையாக மறுத்து, அவரை வெளியே நிறுத்தினால்தான் அந்தக் கணக்கே தொடங்கும். எனவே அவருடைய பயத்தைப் போக்கும் கடிதம் ஒன்று எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும். அப்பச்சி கைப்பட எழுதட்டும்: இன்ன தேதி முதல் எங்கள் புள்ளிக்குரிய இன்ன இரண்டு அறைகளில் குடியிருக்கப் போகிறோம், மற்ற ஐந்து பங்கும் அப்படியே இருக்கிறது, அதில் எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, பொது இடத்தில் எதையும் மாற்றமாட்டோம், விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கு வளவும் முகப்பும் எப்போதும் போலத் திறந்திருக்கும். உள்ளூரில் இருப்பவர்களுக்கு, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்), வெளிநாட்டில் இருப்பவருக்கு மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பியதற்கு அத்தாட்சி இருந்தால் போதும்.

பெரிய கதவின் சாவி வேறொரு பங்காளியிடமோ காவலாளியிடமோ இருந்தால் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் வக்கீல் நோட்டீஸ். பூட்டை மட்டும் உடைக்காதீர்கள். அது ஒன்று போதும், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் காவல் நிலையத்தில் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். திறக்கிற அன்று, உறவில்லாத இரண்டு பேரை வைத்துக்கொண்டு தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். நிலைக்கதவு, தூண்கள், பொது அறையிலுள்ள பாத்திர பண்டம், மற்றவர் அறைப் பூட்டுகள், ஒன்று விடாமல். நாளைக்கு ஒரு பித்தளை அண்டா காணவில்லை என்றால் முதல் கேள்வி குடியிருப்பவரிடம்தான் வரும்.

இனி தரகர். கொரோனா ஊரடங்கு தளர்ந்ததும் பூட்டிய வீடு இருக்கும் தெருவெல்லாம் இவர்கள் அலையத் தொடங்கினார்கள். பெற்றோரைப் பார்க்க ஓடி வருகிற பிள்ளைகளின் அவசரம்தான் இவர்களுக்கு மூலதனம். விடுதலைப் பத்திரம் என்றால் ஒரு பங்குதாரர் தன் பங்கையே இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது. குடியிருக்க அனுமதிக்கும் சீட்டு என்று அதை நினைத்துவிடாதீர்கள். பதிவாகிவிட்டால் எழுதிக்கொடுத்தவர் தன் விருப்பத்துக்கு ரத்து செய்ய முடியாது. நீங்கள் கேட்பது இரண்டு அறையில் குடியிருக்க வழி, அவர் விற்பது ஆறு பேர் சொத்தைக் கைமாற்றும் பத்திரம். அதற்கு அடுத்தபடி, அப்பச்சியிடம் ஒரு பவர் (அதிகாரப் பத்திரம்) மட்டும் போட்டுக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். அந்தப் பவரின் நடுவில் "விற்கவும், கிரயத் தொகை பெறவும்" என்று ஒரு வரி இருக்கும். எழுபது வயதுக்காரர் கண்ணாடியைத் தேடுவதற்குள் பக்கம் திருப்பப்பட்டுவிடும். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து, ஜெராக்ஸ் எடுக்க அசல் பத்திரம், வீட்டு வரியை உங்கள் பெயருக்கு மாற்றினால் வீடே உங்களுக்கு என்ற பேச்சு, மூன்றுக்கும் இடம் கொடுக்காதீர்கள். வரி ரசீது வரி கட்டியதற்குத்தான் சாட்சி. பழைய தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் விலை பேசிக்கொண்டு அதே ஆள் திரும்பி வருவார். பொதுச் சொத்தில் ஒரு கொண்டியைக் கழற்றிக் கொடுத்தாலும் மற்ற ஐந்து பேரும் உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

வெளியாள் ஒருவர் ஒரு பங்கை வாங்கிவிட்டாலும் பயப்பட வேண்டாம். சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவின்படி, குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய அந்நியர் உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்க முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குத் தொடுத்தால், அந்தப் பங்கை மதிப்புப் போட்டு நீங்களே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி தருகிறது. யாராவது பங்கை விற்றிருக்கிறார்களா என்று அறிய, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை (சொத்தின் மேல் பதிவான பத்திர விவரத்தை) இலவசமாகப் பார்க்கலாம். சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு முறை பாருங்கள்.

ஆறு பங்கு என்கிறீர்களே, பெண்மக்களை எண்ணினீர்களா? ஐயா 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவருடைய மகள்களும் மகன்களோடு சமமான வாரிசுகள். பூர்வீகச் சொத்து என்றாலும், மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தீர்த்துச் சொல்லிவிட்டது. அத்தைகளுக்கும் கடிதம் போகட்டும்.

இதில் ஒரே ஒரு விஷயம் உங்கள் காரியத்தையே கவிழ்க்கக்கூடியது. செட்டிநாட்டுப் பக்கத்தில் பிள்ளை கூட்டிக்கொள்ளும் (தத்தெடுக்கும்) வழக்கம் அதிகம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். அப்பச்சியை யாராவது பிள்ளை கூட்டியிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். கூட்டியிருந்தால், 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி அன்றோடு பிறந்த வீட்டு வாரிசுரிமை போய்விடும். போன வீட்டில்தான் பங்கு. ஐயா அதற்குப் பிறகு காலமாகியிருந்தால், பிறந்த வீட்டு அறையின் சாவி கையில் இருந்தாலும் உரிமை கிடையாது. தத்துப் போகுமுன்பே அவர் பெயரில் உறுதியாகியிருந்த சொத்து மட்டும் அவரோடு நிற்கும். பிரியாத பூர்வீகப் பங்கு அதில் சேருமா என்பதில் உயர் நீதிமன்றங்களே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கின்றன. அந்த நிலை என்றால் வக்கீலைப் பார்க்காமல் கதவைத் திறக்காதீர்கள். பதினைந்து வயதுக்கு மேல் கூட்டியதால் செல்லாது என்று சிலர் சொல்வார்கள். சமூக வழக்கம் இருந்தால் செல்லும். இதையே பெரியப்பச்சி வழியிலும் விசாரியுங்கள். அவர் வேறு வீட்டுக்குப் பிள்ளை போனவர் என்றால், மறிக்கிற மகனுக்கே இங்கே பங்கு இல்லாமல் இருக்கலாம்.

குளியலறைக்கு வருவோம். உங்கள் அறைக்குள், மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாமல் கட்டுவதைத் தடுப்பது கடினம். வளவிலோ பின்கட்டுப் பொது இடத்திலோ புதுச்சுவர் எழுப்பினால் மற்றவர்கள் மறுநாளே தடையாணை வாங்கலாம். தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் வெளிச்சுவர் ஓரமாகக் கொண்டுபோங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவுத் தளத்தைத் தோண்டாதீர்கள்; உடைந்த கல்லுக்கு அதே பூ, அதே நிறம் கிடைப்பது கடினம், சண்டை அங்கேதான் பிடிக்கும். கூடல்வாய் (ஓட்டுக் கூரைகள் சேருமிடம்) ஒழுகல், ஓடு மாற்றல், பழைய வயரிங் இவையெல்லாம் அவசியப் பழுது, தாராளமாகச் செய்யலாம். ரசீதுகளை அப்பச்சி பெயரில் வாங்கி வையுங்கள். முன்சம்மதம் இல்லாமல் செலவைப் பங்கு கேட்டால் மற்றவர்கள் தரமாட்டார்கள். பாகம் பிரியும்போதாவது கணக்கில் வரும்.

மின் இணைப்பு ஐயா பெயரிலேயே இருக்கட்டும், பாக்கியைக் கட்டுங்கள். பெயர் மாற்றப் போனால் வாரிசுச் சான்று கேட்பார்கள். இணையத்தில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு, கொரோனா பரவிய நேரத்திலும் அசலைக் காட்ட முதியவரை நேரில் வரச்சொன்ன நடைமுறையை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்த வாசலில் அப்பச்சியைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ள மலேசியாக்காரர் விரும்பினால் நல்லதுதான். அவர் ஊர் வரவேண்டியதில்லை. நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு, இந்த ஓர் ஏற்பாட்டில் கையெழுத்திட மட்டும் அதிகாரம் தந்து, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பட்டும். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதன் முத்திரைதான் சாட்சி.