ஃபைன் கட்டி முடிச்ச கேஸும் வளர்க்க வரப்போற குழந்தையும்

கேள்வி: அக்கா, கல்யாணமாகி 14 வருஷம் ஆச்சு. ஹோம்ல இருக்குற ஒரு பெரிய குழந்தைய ஃபாஸ்டர் கேர்ல (தத்து எடுக்காம நம்ம வீட்ல வெச்சு வளர்க்கற முறை) எடுத்து வளர்க்கணும்னு ஆசை. விசாரிச்சா போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டுங்கறாங்க. இவரு 2008ல காலேஜ் படிக்கும்போது பஸ் டே தகராறுல ஒரு கேஸ்ல மாட்டி, எழும்பூர் கோர்ட்ல ஏதோ ஃபைன் கட்டி முடிச்சுட்டாங்களாம். "அதெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது, வாயத் தொறக்காத"ங்கறாரு. சொல்லணுமா? மாமியார் வேற "என்னையுமா போலீஸ்ல விசாரிப்பாங்க"ன்னு குதிக்கிறாங்க.
- பெரம்பூர் வாசகி

பதில்: சொல்லணும்மா, மொத நாளே சொல்லணும். அதுக்கு முன்னாடி அந்த "ஏதோ ஃபைன்" என்னன்னு பாருங்க, ஏன்னா இங்கதான் முக்காவாசி பேரு ஏமாந்து நிக்கறாங்க. அன்னிக்கு வக்கீல் "தம்பி ஒத்துக்கிட்டு கட்டிடு, இன்னிக்கே முடிஞ்சுரும்"னு சொல்லியிருப்பாரு, பையனும் வாய்தாவுக்கு அலைய முடியாம மாஜிஸ்ட்ரேட் முன்னாடி தலைய ஆட்டிட்டு பணத்தக் கட்டிட்டு வந்திருப்பான், வீட்ல எல்லாரும் கேஸ் தள்ளுபடின்னே இத்தன வருஷமா நெனச்சுட்டு இருப்பீங்க. அப்படி இல்ல. குத்தத்த ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினா, ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகலன்னாலும் சட்டப்படி அது தண்டனைதான். எதிர் பார்ட்டியோட சமாதானமாப் போயி அப்போ இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தோட 323 (சாதாரண அடிதடி) மாதிரி செக்‌ஷன்ல ராஜி பதிவு பண்ணியிருந்தா அது விடுதலைக்குச் சமம். ஆனா நம்ம ஊரு அடிதடி கேஸ்ல கெட்ட வார்த்தைக்குன்னு அப்போ 294பி-யையும் சேர்த்துப் போட்டாங்களே, அது ராஜி ஆகுற செக்‌ஷன் இல்ல. ஹைகோர்ட்ல கேஸே குவாஷ் (ரத்து) ஆகியிருந்தா கவலையே வேணாம்.

அதனால இவர எழும்பூருக்கே அனுப்பி காப்பி அப்ளிகேஷன் போட்டு தீர்ப்போட சர்டிஃபைடு காப்பி வாங்கச் சொல்லுங்க. எந்த ஸ்டேஷன், எந்த வருஷம், எஃப்.ஐ.ஆர் நம்பர் தெரிஞ்சா வேலை சீக்கிரம் முடியும். தகராறு நடந்த தேதியில அவருக்கு 18 முடிஞ்சிருந்துச்சான்னும் பாருங்க, ஃபர்ஸ்ட் இயர் பசங்க பாதிப் பேரு 17தான். 18 முடியலன்னா அது சிறார் கேஸா நடந்திருக்கணும். அந்த மாதிரி கேஸால பின்னாடி எந்தத் தகுதியும் போகக்கூடாதுன்னு அப்போ இருந்த 2000ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்துலயும் இருந்துச்சு, இப்போ 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 24வது பிரிவா இருக்கு.

19, 20 வயசுன்னா நான் பூசி மெழுகப் போறதில்ல. வளர்ப்புப் பெற்றோர் மேல தண்டனையோ நடக்குற கேஸோ இருக்கக்கூடாதுங்கறதுதான் எதிர்பார்ப்பு, உங்களுக்கு ஓகே ஆயிரும்னு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா முடிவெடுக்கறது கம்ப்யூட்டர் இல்ல, குழந்தைகள் நலக் குழு. அதுக்கு முன்னாடி மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல இருந்து வந்து ஹோம் ஸ்டடி (வீட்டு நிலவர ஆய்வு) எடுப்பாங்க. பஸ் கூரை மேல ஏறி ஆட்டம் போட்ட பையன் இன்னிக்கு எப்படி இருக்கான்னு அவங்க கண்ணால பாக்கலாம். தீர்ப்புக் காப்பிய நீங்களே மேசையில வெச்சா இது பழைய பஸ் டே கேஸ். நீங்க மறைச்சு அவங்களே தோண்டி எடுத்தா, இன்னும் என்னென்ன மறைக்கிறீங்கன்னுதான் நெனப்பாங்க. பழைய கேஸு ஆன்லைன் ரெக்கார்டுல இல்லாமக்கூட இருக்கலாம், ஸ்டேஷன் ரெஜிஸ்டர்ல இருக்கும், அதுவும் இல்லன்னா பக்கத்து வீட்டு மாமி இருக்காங்க, அக்கம்பக்கத்துல விசாரிக்காம விடமாட்டாங்க.

மாமியாருக்கு: குழந்தை இவங்க மகனோட மட்டும் இருக்கப்போறதில்லையே, பகல் பூரா பாட்டியோடதான இருக்கும். வீட்ல இருக்குற எல்லாரோட மெடிக்கல் ரிப்போர்ட்டும் கேப்பாங்க, அதுக்கும் இப்பவே மனசத் தயார் பண்ணி வைங்க.

கேள்வி: மகள் அமெரிக்காவுல ஃபாஸ்டர் பேரன்ட் ஆக லைசென்ஸுக்கு அப்ளை பண்ணியிருக்கா. நான் ஆறு மாசம் போய்த் தங்கப்போறேன். "அம்மா உன் கைரேகையும் கேப்பாங்க"ங்கறா. நான் என்ன குத்தவாளியா?
- அண்ணா நகர் வாசகி

பதில்: விசாவுக்கு பத்து விரலையும் வெச்சீங்களேம்மா, அப்போ வராத கோபம் இப்போ ஏன்? அங்க 2006ல வந்த ஆடம் வால்ஷ் சட்டப்படி ஃபாஸ்டர் பேரன்ட் ஆகுறவங்க கைரேகைய தேசிய குற்றப் பதிவோட ஒத்துப் பாத்தே ஆகணும். அதோட, அந்த வீட்ல வசிக்கிற பெரியவங்க எல்லாரும் கடைசி அஞ்சு வருஷம் எந்தெந்த மாநிலத்துல இருந்தாங்களோ அங்கயெல்லாம் குழந்தைக் கொடுமைப் பதிவேட்டையும் பாப்பாங்க. பல மாநிலங்கள்ல கைரேகையும் வீட்ல இருக்குற பெரியவங்க எல்லாருக்கும் உண்டு. எத்தன நாள் தங்கினா "வசிக்கிறவங்க" கணக்குல வருவீங்கங்கறது அந்தந்த மாநிலத்து விதி, அத மகளே ஏஜென்சிகிட்ட எழுத்துல கேட்டு வாங்கட்டும். இந்தியாவுல இருந்து போலீஸ் கிளியரன்ஸ் வேணும்னா கெளம்புறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் சேவா வழியா வாங்கிடுங்க, தமிழ்நாடு போலீஸ் தர்ற வெரிஃபிகேஷன் சர்டிஃபிகேட் வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பெரம்பூர் வாசகியும் இதக் கொஞ்சம் படிக்கட்டும். அங்க கோடு தெளிவா இருக்கு: குழந்தைக் கொடுமை, பாலியல் வன்முறை, கொலை மாதிரி பெரிய குத்தத்துல தண்டனை வாங்கியிருந்தா எத்தன வருஷம் ஆனாலும் கதவு மூடினதுதான், பெரிய அடிதடி, போதைப்பொருள் தண்டனைன்னா அஞ்சு வருஷத் தடை. நம்ம ஊர்லயும் இப்படி எந்தக் குத்தத்துக்கு எத்தன வருஷம்னு எழுதி வெச்சா நல்லா இருக்கும், இது என் ஆதங்கம்.

கேள்வி: எனக்கு 41 வயசு, கல்யாணம் ஆகல. ஃபாஸ்டர் கேர்ல குழந்தைய எடுக்கலாமா?
- வேளச்சேரி வாசகி

பதில்: எடுக்கலாம். 2024ல மத்திய அரசு மாத்தின வழிகாட்டுதல்படி தனியா இருக்குற பொண்ணு ஆண் குழந்தை, பெண் குழந்தை ரெண்டுமே வளர்க்கலாம், ஆணா இருந்தா ஆண் குழந்தை மட்டும்தான். தத்தெடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் வளர்த்திருக்கணும்னு இருந்தது இப்போ ரெண்டு வருஷம் ஆயிருக்கு. வெரிஃபிகேஷன் உங்களுக்கும் உண்டு, வீட்ல தம்பியோ அப்பாவோ கூட இருந்தா அவங்ககிட்ட இப்பவே பேசி வைங்க.